பக்வீட் பூக்கிறது, மணி பிடிக்கவில்லை: பினாங்கில் என்ன செய்யலாம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிக் புலாவில் டுரியான் மரங்களுக்குக் கீழே அரை ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. அதில் பக்வீட் என்ற தானியப் பயிரை விதைத்தீர்கள். நாலாம் நாளே முளைத்தது. ஐந்தாவது வாரத்தில் நிலமே தெரியாத அளவுக்கு வெள்ளை வெளேரென்று பூத்தது. ஆனால் அறுத்துத் தூற்றிப் பார்த்தால் ஐந்து கிலோகூடத் தேறவில்லை, அதிலும் பாதி பதர். இரண்டு தடவை கோழி எரு போட்டும் இப்படி ஆகிவிட்டதே, அடுத்த முறை என்ன உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு உரத்தில் இல்லை. உங்கள் செடி பசியால் வாடவில்லை, பூ காயாக மாறும் இடத்தில் தோற்றுப்போயிருக்கிறது. பக்வீட்டின் விளைச்சல் முக்கால்வாசி பூத்திருக்கும் அந்த மூன்று நான்கு வாரத்தில்தான் முடிவாகிறது. அந்த வாரங்களில் வெயில் எப்படி, தேனீ வந்ததா, வேரில் ஈரம் இருந்ததா என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் உரத்தைப் பற்றிப் பேச வேண்டும். கேமரன் மலைத் தோட்டக்காரர்களோடு பல வருடம் பழகியதில் நான் கண்டது, நம் ஆட்கள் எந்தப் பயிர் காய்க்காவிட்டாலும் முதலில் எரு மூட்டையைத்தான் அவிழ்ப்பார்கள். இந்தப் பயிரில் அது நேர் எதிராக வேலை செய்யும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பெயரில் வீட் இருந்தாலும் இது கோதுமையும் இல்லை, புல் இனமும் இல்லை. நெல், சோளம், கேழ்வரகு மாதிரி இதை நினைத்தால் கணக்கு தப்பும். பினாங்கு லக்சாவில் போடுகிறோமே கெசும் இலை, அதுவும் பக்வீட்டும் ஒரே குடும்பம். கெசும் செடியின் சிவந்த கணுத் தண்டை அருகில் பார்த்தவர்களுக்கு பக்வீட் தண்டைப் பார்த்ததும் சொந்தம் புரிந்துவிடும். பிறந்த ஊர் தென்மேற்குச் சீனத்து மலைகள். இன்றும் அதிகம் விளைவது ரஷ்யா, சீனா, உக்ரைன், கஸகஸ்தான் போன்ற இடங்களில். ஜப்பானில் சோபா நூடுல்ஸுக்காக ஹொக்காய்டோ தீவில் நிறையப் போடுகிறார்கள். இமயமலையில் நேபாளம், உத்தராகண்ட் பக்கம் மழைக்காலத்தில் விதைத்து, குளிர் இறங்கும்போது அறுக்கிறார்கள். எங்கே போட்டாலும் மணி பிடிக்கும் நேரம் குளிர்ந்த நேரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இதைக் கவனியுங்கள்.

வெயிலுக்கு வருவோம். பக்வீட் விதை சூட்டில் நன்றாகவே முளைக்கும், இலை தள்ளும், பூக்கவும் செய்யும். அதனால்தான் ஐந்து வாரம் வரைக்கும் எல்லாம் சரியாகப் போவதுபோல் இருந்திருக்கிறது. காய் பிடிக்க அதற்கு வேண்டியது 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய இதமான வானிலை. 25 டிகிரிக்கு மேல் போகப் போகக் காய்ப்பு குறையும். 30 டிகிரியும் வறண்ட காற்றும் சேர்ந்தால் பூ அப்படியே கருகி உதிரும், சூல் பிடித்த பிஞ்சும் பாதியில் நின்றுவிடும். பாலிக் புலாவில் நண்பகல் 31, 32 டிகிரி சாதாரணம். இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் செடி சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பங்கு அந்தச் சூடான இரவில் சுவாசத்துக்கே செலவாகிவிடும், மணிக்குள் போவதற்கு மிச்சம் குறைவு. உங்கள் கையில் வந்த பதரை எடுத்து நசுக்கிப் பாருங்கள். மூன்று பட்டையும் சரியாக உருவாகியிருக்கும், தோலும் பழுப்பாகியிருக்கும், உள்ளே மாவு இருக்காது. சூல் பிடித்து, பால் ஏறும் கட்டத்தில் நின்றுபோனதன் அடையாளம் அது.

நமக்கு இன்னொரு இக்கட்டும் இருக்கிறது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டுகிறது, தீபாவளி வரைக்கும் விடாது. தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள்தான் வறண்டவை, ஆனால் வெயில் சுட்டெரிப்பதும் அப்போதுதான். வெயில் தணியும் மாதத்தில் மழை, மழை விட்ட மாதத்தில் வெயில். நேபாளத்துச் சமவெளியில் இதே பயிரைக் குளிர்காலத்தில் போட்டு எடுத்துவிடுகிறார்கள். நமக்குக் குளிர்காலம் கிடையாது, மலைதான் நமக்குக் குளிர்காலம்.

அடுத்தது பூ. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பக்வீட் பூவைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். காலையில் ஒரு கொத்தைப் பறித்து, கண்ணாடி வில்லை வைத்துப் பாருங்கள். ஐந்து வெள்ளை இதழ், எட்டு மகரந்தத் தாள், அவற்றின் அடியில் மஞ்சளாக எட்டுத் தேன் சுரப்பிகள், நடுவில் மூன்று சூல்தண்டு. இப்போது பக்கத்துச் செடியில் ஒரு பூவைப் பறித்து ஒப்பிடுங்கள். ஒரு செடியில் சூல்தண்டு நீண்டு வெளியே எட்டிப் பார்க்கும், மகரந்தத் தாள் குட்டையாக உள்ளே இருக்கும். இன்னொரு செடியில் அப்படியே தலைகீழ், மகரந்தத் தாள் உயரம், சூல்தண்டு குட்டை. ஒரு செடியில் உள்ள எல்லாப் பூவும் ஒரே வகையாகத்தான் இருக்கும். வயலில் ஏறக்குறைய பாதிச் செடி இந்த வகை, பாதி அந்த வகை. குட்டைச் சூல்தண்டுப் பூவின் மகரந்தம் நீளச் சூல்தண்டுப் பூவுக்கு வர வேண்டும், அல்லது நீள வகையினது குட்டைக்குப் போக வேண்டும். தன் மகரந்தம் தனக்கு ஆகாது, தன் வகையைச் சேர்ந்த அடுத்த செடியின் மகரந்தமும் ஆகாது. இப்படி இரண்டு வகைப் பூக்கும் செடிகளை ஆராய்ந்த டார்வின், 1877இலேயே பக்வீட்டையும் அதில் சேர்த்து எழுதியிருக்கிறார்.

இதில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரே ஒரு நாள்தான் வாய்ப்பு. காலையில் திறக்கும், தேனும் காலையில்தான் சுரக்கும், மாலைக்குள் கதை முடிந்துவிடும். அன்றைக்கு எந்தப் பூச்சியும் சரியான வகை மகரந்தத்தோடு வரவில்லையென்றால் அந்தப் பூ போனதுதான். எல்லாம் நன்றாக அமைந்த குளிர்நாட்டு வயல்களில்கூடப் பத்துப் பூவில் ஒன்றோ இரண்டோதான் மணியாகும். ஆகவே வெள்ளை வெளேரென்று பூத்ததைப் பார்த்து விளைச்சலைக் கணிக்க முடியாது.

உங்கள் வயலில் காலை எட்டு மணிக்கு மேல் போய் நின்று பாருங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை பூச்சி வந்து உட்காருகிறது? டுரியான் பூவுக்கு வௌவால் வரும், அது இரவு வேலை. பக்வீட்டுக்கு வேண்டியது பகலில் வரும் சின்னத் தேனீக்களும் ஈக்களும். நம் ஊர் அடுக்குத் தேனீ இதற்கு ரொம்பப் பொருத்தம், இமயமலையில் பக்வீட்டுக்கு உழைப்பது அந்த இனம்தான். கெலுலுட் என்ற கொட்டாத் தேனீ வளர்க்கும் நண்பர் யாராவது பக்கத்துக் கம்போங்கில் இருந்தால், பூக்கும் காலத்துக்கு மட்டும் இரண்டு மூன்று கூடு கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். அவருக்கும் தேன் கிடைக்கும். அமெரிக்காவில் ஏக்கருக்கு ஒரு தேனீப்பெட்டி என்பது பொதுவான கணக்கு. கூடு வைத்திருக்கும்போது அக்கம்பக்கத்தில் யாரும் பூச்சிமருந்து அடிக்காமல் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வெயிலா, தேனீயா, எது உங்கள் விளைச்சலைத் தின்றது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். அடுத்த முறை பூத்ததும், காலை எட்டிலிருந்து பத்துக்குள், நீள சூல்தண்டுச் செடிகள் சிலவற்றில் அன்று திறந்த பூக்களை மட்டும் தேர்ந்தெடுத்து, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். மற்ற வகைச் செடியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, அதன் மகரந்தத்தை இந்தப் பூக்களின் நுனியில் மெல்லத் தடவுங்கள். பக்கத்துக் கொத்துகளில் சில பூக்களுக்கு மகரந்தம் தடவாமல் வெள்ளை நூல் கட்டுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். சிவப்பு நூல் பூக்கள் காய்த்து, வெள்ளை நூல் பூக்கள் உதிர்ந்திருந்தால் குறை தேனீயில். சிவப்பும் உதிர்ந்திருந்தாலோ, பிஞ்சாகிப் பிறகு சூம்பியிருந்தாலோ குறை வெயிலில். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் இரண்டும்தான். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு நூல்கண்டு. எந்த ஆலோசகர் வார்த்தையைவிடவும், என் வார்த்தையைவிடவும், அந்த வயலே சொல்வது நம்பகமானது.

தண்ணீர் விஷயத்தில் இந்தச் செடிக்கு இரண்டு பக்கமும் கஷ்டம். வேர் சிறியது, மேலோட்டமானது. பூக்கும் சமயத்தில் மேல்மண் காய்ந்தால் நண்பகலில் இலை துவண்டுவிடும், அன்றைய பூ வீண். அதே வேருக்குத் தேங்கிய தண்ணீரும் ஆகாது, அதிலும் முளைத்த முதல் இரண்டு வாரம் ரொம்ப ஆபத்தானது. ஜப்பானில் நெல்வயல்களைத் திருப்பி பக்வீட் போடுகிறார்கள். அங்கே விளைச்சலைக் கெடுப்பதில் முதன்மையானது இந்த நீர்த்தேக்கம்தான். அதனால் செபராங் பிறைப் பக்கம் பழைய நெல் நிலம் இருக்கிறது, போடலாமா என்று யாராவது கேட்டால், வடிகால் வெட்டி மேட்டுப்பாத்தி எடுக்காமல் வேண்டாம் என்பேன். உங்கள் நிலம் சரிவு என்பதால் தேங்காது, ஆனால் ஒரு நல்ல மழை மேல்மண்ணோடு விதையையும் அடித்துக்கொண்டு போய்விடும். சரிவுக்குக் குறுக்கே சால் பிடித்து விதையுங்கள்.

சரி, உரம். கோழி எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். பக்வீட்டுக்குத் தழைச்சத்து கூடினால் இலை பெரிதாகும், கிளை மேல் கிளை வெடிக்கும், பூத்துக்கொண்டே இருக்கும், மணி நிரப்ப மறந்துவிடும். தண்டு உள்ளே பொள்ளல், நீர்ச்சத்து மிகுந்தது. உயரமாகக் கொழுத்த தண்டு ஒரு மாலைப் புயலுக்கே சாயும். சாய்ந்த பயிர் முன்போல நிமிர்வதில்லை, அடியில் கிடக்கும் கொத்து அழுகும். முந்தின காய்கறிப் பயிருக்கு எரு போட்ட நிலம் என்றால் புதிதாக எதுவும் போடாதீர்கள். வெறும் நிலம் என்றால் மக்கிய எரு, அதுவும் பாதி அளவு, விதைப்பதற்கு முன்னாலேயே. பூத்த பிறகு மேலுரம் வேண்டவே வேண்டாம்.

மண்ணைப் பொறுத்தவரை நமக்கு அதிர்ஷ்டம். பினாங்குத் தீவு கருங்கல் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது, அதிலிருந்து வந்த மண் புளிப்பானது. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள செம்மண்ணும் அப்படித்தான். இப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வந்து மற்றப் பயிர்களின் வேர்நுனியைச் சுட்டுவிடும். பக்வீட் அதற்கு மசியாது. அதன் வேர் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தைக் கட்டிப்போடுகிறது, உள்ளே நுழைந்ததையும் அதே அமிலத்தால் நச்சில்லாததாக்கி இலையில் ஒதுக்கிவைக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கினார்கள். மண்ணில் சிக்கிக் கிடக்கும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இந்த வேர் எடுத்துக்கொள்ளும், வேறு பயிர்கள் அந்த அளவுக்கு எடுக்க மாட்டா. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5 இருந்தாலே இதற்குப் போதும், சுண்ணாம்பு போட்டு நிலத்தைத் திருத்தக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

பகல் நீளமும் கொஞ்சம் விளையாடுகிறது. பக்வீட் பெரும்பாலும் குறும்பகல் செடி, அதாவது பகல் குறுகினால் சீக்கிரம் பூக்கும். நமக்கு வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரப் பகல்தான். ஜப்பானியர்கள் கோடை ரகம், இலையுதிர் ரகம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இலையுதிர் ரகம் நீண்ட பகலில் தாமதிக்கும், நம் பகலில் சீக்கிரமே பூத்துவிடும். செடி போதுமான உயரம் வளர்வதற்குள் பூத்துவிட்டால் தாங்கும் மணியும் குறைவு. அதனால் செடிகளைக் கொஞ்சம் நெருக்கமாகவே விதைக்கலாம். அரை ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம். லாலாங் இருந்தால் விதைக்கும் முன் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். மற்றக் களைகளை மூன்றே வாரத்தில் பக்வீட்டே மூடி அமுக்கிவிடும். முந்தின பயிருக்கு அடித்த களைக்கொல்லியின் மிச்சம் மண்ணில் இருந்தால் இது தாங்காது, அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நோய், பூச்சி பெரிய தொல்லை இல்லை.

அறுவடையில் இழப்பதும் கணிசம். ஒரே செடியில் பூவும் இருக்கும், பச்சை மணியும் இருக்கும், கறுத்த மணியும் இருக்கும். எல்லாம் முற்றட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றியது, அதாவது நல்ல மணி, கீழே கொட்டிவிடும். மிச்சத்தைப் புறாவும் சிட்டும் பார்த்துக்கொள்ளும். நாலில் மூன்று பங்கு மணி பழுப்பானதும் அறுத்துவிடுங்கள். காலையில் பனி ஈரம் இருக்கும்போது அறுத்தால் உதிர்வது குறையும். கட்டுக் கட்டாகக் கூரைக்குக் கீழே, காற்றோட்டத்தில் நிறுத்திவையுங்கள். நம் காற்றில் ஈரம் அதிகம், மழையில் நனைந்தால் செடியிலேயே முளை விட்டுவிடும். மணியின் ஈரப்பதம் 13, 14 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சேமிக்கலாம்.

உலக அளவில் ஹெக்டேருக்கு ஒரு டன் என்பது இந்தப் பயிருக்குச் சாதாரண விளைச்சல். எல்லாம் கூடிவந்தால் இரண்டு டன். ஜப்பானில் சராசரி அரை டன்னைச் சுற்றியே நிற்கிறது. உங்கள் அரை ஏக்கருக்கு ஒரு டன் கணக்கில் 200 கிலோ வரும். பாலிக் புலா வெயிலில் அதை எதிர்பார்க்காதீர்கள். தேனீ வைத்து, எருவைக் குறைத்து, பூக்கும்போது மாலையில் தண்ணீர் பாய்ச்சினால் இப்போதைய ஐந்து கிலோ கண்டிப்பாகக் கூடும். ஆனால் தாழ்நிலத்து வெப்பத்தைத் தண்ணீரும் தேனீயும் மாற்றாது. தானியத்துக்காக அங்கே பக்வீட் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு காரணத்துக்காகப் போடலாம், அதைச் சந்தோஷமாகவே சொல்வேன். காய்கறிக்கு முன்னால் மண்ணைத் தயார் செய்ய இதைவிட வேகமான தழையுரப் பயிர் குறைவு. ஐந்தாறு வாரத்தில், பூக்கத் தொடங்கியதும், மணி முற்றுவதற்குள் வெட்டி மண்ணில் மடக்குங்கள். அது எடுத்துவைத்த மணிச்சத்து அடுத்துப் போடும் கத்தரிக்கோ வெண்டைக்கோ கிடைக்கும். கெலுலுட் வளர்ப்பவர்களுக்கு அது தேன் வயல். இளம் இலையைக் கீரையாகவும் சமைக்கலாம், உத்தராகண்டில் சமைக்கிறார்கள். ஆனால் பச்சைத் தழையில் ஃபாகோபைரின் என்ற பொருள் உண்டு, அளவுக்கு மீறித் தின்றால் வெயில் பட்ட தோல் எரியும். ஜூஸ் அடித்துத் தினமும் குடிக்கும் பழக்கம் வேண்டாம்.

மணியே வேண்டும் என்றால் கேமரன் மலைதான். தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் பகல் 22, 24 டிகிரி, இரவு 15, 16 டிகிரி. நம் வட்டாரத்திலேயே வியட்நாமின் ஹா ஜாங் மலையில் இந்தப் பூவைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் போகிறது, அதுவும் உயர்ந்த நிலம்தான். கேமரனில் டிசம்பர் தொடக்கத்தில் விதைத்தால் ஜனவரியில் பூக்கும், பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில், ஏப்ரல் மழைக்கு முன்னால் அறுத்துவிடலாம். பிளாஸ்டிக் கொட்டகைக்குள் போடாதீர்கள், தேனீ நுழையாது. தனிப் பயிராகப் போட்டால் அங்கே நிலக் குத்தகைக்குக் கட்டுப்படியாகாது, முட்டைகோசும் தக்காளியும் தரும் காசை இது தராது. இரண்டு காய்கறிப் போகங்களுக்கு நடுவில் நிலம் ஓய்வாக இருக்கும் பன்னிரண்டு வாரத்தில் போட்டால் கணக்கு வேறு. அங்கே தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் ஓரத்துப் பாத்தி ஒன்றை விட்டுக்கொடுத்தால், உங்களுக்கு வேண்டிய வீட்டு மாவுக்கு அதுவே போதும்.

தார்த்தாரி பக்வீட் என்று ஒரு கசப்பு இனம் இருக்கிறதே என்பீர்கள். அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், தேனீ பிரச்சினை இல்லை. ஆனால் குளிரை இன்னும் அதிகம் கேட்கும். பாலிக் புலாவுக்கு அதுவும் தீர்வில்லை. எந்த இனமானாலும் விதையைத் தபாலில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள், இறக்குமதி அனுமதி வேண்டும். கடையில் சமையலுக்கு விற்கும் தோல் நீக்கிய மணியோ வறுத்த மணியோ விதைக்கு ஆகாது. கறுத்த தோலோடு இருப்பதுதான் விதை.

அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் தோசைக்கு அரைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அரைக்கலாம். குளூட்டன் கிடையாது, உளுந்தோடு சேர்ந்து நன்றாகவே புளிக்கும். அரிசியை முழுக்க விடாமல் பாதிக்குப் பாதி கலந்தால் கல்லில் ஒட்டாமல் எடுக்க வரும். இதுவும் மாவுச்சத்துதான், ஆகவே எண்ணிக்கை கூடினால் சர்க்கரையும் கூடும். சிலருக்கு பக்வீட் கடுமையான ஒவ்வாமை தரும், ஜப்பானில் உணவுப் பொட்டலத்தில் இதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். முதல் தடவை அம்மாவுக்குச் சின்னதாக ஒரே ஒரு தோசை ஊற்றிக் கொடுங்கள். அரிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த நாள் இரண்டு ஊற்றலாம்.